கோடு ஏன் சார் குறுக்கால போகுது?

இன்றைக்குக் கொஞ்சம் நீளமான பதிவு. சாப்பிட்டுவிட்டுச் சாவகாசமாகப் படியுங்கள்.

போன வாரம் பேரனைக் கூட்டிக்கொண்டு தல்லாகுளம் பெருமாள் கோயிலுக்குப் போயிருந்தேன். திரும்பி வரும்போது நடைபாதைக் கடை ஒன்றில் தொங்கிய முருகன் படத்தைப் பார்த்து நின்றுவிட்டான். மயில் முன்னால் வந்து நிற்கிறது, கோபுரம் பின்னால் தள்ளிப் போகிறது. கையை வைத்தால் வெறும் பிளாஸ்டிக் தகடு. நம் ஊரில் இதை 3டி படம் என்பார்கள். ஆட்டினால் மாறுகிற ரகத்துக்குக் கண்ணடிக்கும் படம் என்று பெயர்.

வாங்கிக் கொடுத்தேன். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நகத்தால் அதைச் சுரண்டிக்கொண்டே வந்தான். 'கிர்ர் கிர்ர்' என்று சத்தம். "தாத்தா, இதுல ஏன் கோடு கோடா இருக்கு?" என்றான்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இதே கேள்வியை முன்பே ஒரு பையன் என்னிடம் கேட்டிருக்கிறான். நான் பதில் சொல்லவில்லை.

1987 ஜூன் மாதம். பள்ளிக்கூடம் திறந்து சில நாட்கள்தான் ஆகியிருந்தன. நான் எட்டாம் வகுப்புக்கு அறிவியல் எடுத்துக்கொண்டிருந்தேன். எங்கள் பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஜூன் மாதம் என்றால் பையில் சித்திரைத் திருவிழாவின் மிச்சம் ஏதாவது இருக்கும். அழகர் மலையிலிருந்து இறங்கித் தல்லாகுளத்துக்கு வந்தாலே போதும், எதிர்சேவைக்கு வருகிற கூட்டத்தை நம்பி ரோட்டின் இரண்டு பக்கமும் கடை முளைத்துவிடும். தமுக்கம் மைதானத்தில் பொருட்காட்சி வேறு. ஊதல், பலூன், ராட்டினம், டெல்லி அப்பளம், இவற்றோடு இந்தக் கண்ணடிக்கும் படங்களும் ஸ்கேல்களும் விற்கும்.

அந்தப் பையன் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு பொருட்களை மாற்றி மாற்றி நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தான். ஒன்று, ஆட்டினால் பறவை சிறகடிக்கும் ஸ்கேல். இன்னொன்று, உள்ளங்கை அளவு 3டி சாமி படம். நான் பக்கத்தில் போய் நின்றதும் பயப்படாமல் கேட்டான்: "சார், சாமி படத்துல கோடு மேல இருந்து கீழ வருது. ஸ்கேல்ல மட்டும் கோடு ஏன் சார் குறுக்கால போகுது?"

எனக்குப் பதில் தெரியாது. தெரியாது என்று சொல்லவும் மனம் வரவில்லை. "பாடத்தைக் கவனிடா" என்று இரண்டையும் பிடுங்கி மேசை டிராயரில் போட்டேன். வகுப்பு சிரித்தது. அவன் உட்கார்ந்தான். அந்த வருடம் முழுக்க அவன் என்னிடம் வேறு கேள்வி கேட்டதாக நினைவில்லை.

அவன் கேட்டது எவ்வளவு பெரிய கேள்வி என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். அந்தக் கோடுகளின் கதையைத்தான் இன்று எழுதப் போகிறேன்.

முதலில் நம் ஊர்ச் சலூனிலிருந்து தொடங்குகிறேன். 1960களில் நான் முடி வெட்டிக்கொள்ளப் போகும் கடையில் கண்ணாடி போட்ட சட்டத்துக்குள் ஒரு விசித்திரப் படம் தொங்கும். நேரே நின்றால் காந்தி. "அங்கிட்டு நின்னா நேரு, இங்கிட்டு நின்னா நேதாஜி" என்று கடைக்காரர் பெருமையாகச் சொல்வார். உட்காரும் பலகையில் இருந்துகொண்டு தலையை ஆட்டி ஆட்டிப் பார்த்து அவரிடம் திட்டு வாங்காத பையனே எங்கள் தெருவில் கிடையாது. சில வீடுகளின் பூஜை அறையில் இதே வேலைப்பாட்டில் மூன்று சாமிகள் இருப்பார்கள்.

இதன் சூட்சுமம் சுலபமானது. அடியில் ஒரு படம். அதன் மேல் மெல்லிய பட்டைகளை வரிசையாகச் செங்குத்தாக நட்டு வைத்திருப்பார்கள். பட்டைகளின் இடது முகங்களில் ஒரு படத்தைக் கீற்றுக் கீற்றாக வெட்டி ஒட்டியிருப்பார்கள், வலது முகங்களில் இன்னொன்றை. இடப்பக்கம் நின்றால் இடது முகங்கள் மட்டும் சேர்ந்து ஒரு முழுப்படம் ஆகிவிடும். வீட்டில் பேரப்பிள்ளைகள் இருந்தால் செய்து பாருங்கள். ஒரே அளவில் இரண்டு படங்களை எடுத்து ஒரு சென்டிமீட்டர் கீற்றுகளாக வெட்டி, ஒன்று விட்டு ஒன்றாக ஓர் அட்டையில் ஒட்டி, கீற்றின் ஓரங்களில் விசிறி மாதிரி மடித்தால் போதும். ஒரு மணி நேரம் பிள்ளைகள் போனைக் கேட்க மாட்டார்கள்.

ஐரோப்பாவில் இந்த வித்தை பல நூற்றாண்டுகளாக உண்டு. பிரெஞ்சு ஓவியர் புவா கிளேர் 1692இல் டென்மார்க் அரச குடும்பத்தார் இருவரை இப்படிப் பட்டைகளில் வரைந்தார். ஒரு பக்கம் நின்றால் ஆண், மறுபக்கம் நின்றால் பெண். கோபன்ஹேகனில் உள்ள ரோசன்போர்க் அரண்மனையில் அந்த ஓவியம் இருக்கிறது. நம் சலூன் படத்துக்கு அது கொள்ளுத் தாத்தா முறை.

நம் பக்கத்துச் சிற்பிகளுக்கும் இந்த விளையாட்டு பிடிக்கும். தாராசுரம் ஐராவதேஸ்வரர் கோயிலுக்குப் போனவர்கள் ரிஷப குஞ்சரத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரே தலை, இரண்டு உடல். ஒரு பக்கத்தைக் கையால் மறைத்தால் யானை, மறுபக்கத்தை மறைத்தால் காளை. 12ஆம் நூற்றாண்டு வேலை. அதில் பட்டையும் இல்லை, கோடும் இல்லை, முறையே வேறு. ஆனாலும் ஒரே இடத்தில் இரண்டு உருவங்களை வைத்துவிட்டு, எதைப் பார்ப்பது என்பதைப் பார்ப்பவரிடம் விடுகிற எண்ணம் அதிலும் இருக்கிறது.

இதெல்லாம் படம் மாறுகிற கதை. மயில் முன்னால் வந்து நிற்கும் கதை இன்னொன்று. அதற்கு நம் கண்களுக்குள் போக வேண்டும்.

ஆள்காட்டி விரலை மூக்குக்கு நேரே நீட்டுங்கள். ஒரு கண்ணை மூடித் திறந்து, அடுத்த கண்ணை மூடுங்கள். விரல் இடம் மாறிக் குதிக்கும். நம் இரண்டு கண்களுக்கும் நடுவே சுமார் 6.5 சென்டிமீட்டர் இடைவெளி. அதனால் இரண்டும் கொஞ்சம் வேறுபட்ட படங்களைத்தான் பார்க்கின்றன. அந்த வேறுபாட்டை வைத்து எது பக்கம், எது தூரம் என்று மூளை கணக்குப் போடுகிறது. இங்கிலாந்தின் சார்லஸ் வீட்ஸ்டன் 1838இல் இதை விளக்கி, ஒவ்வொரு கண்ணுக்கும் தனிப்படம் காட்டும் கருவியையும் செய்து காட்டினார். பொருட்காட்சியில் கண்ணில் வைத்து 'டக் டக்' என்று அமுக்கிப் பார்ப்போமே, அந்த வியூமாஸ்டர் பெட்டியும் இதே தத்துவம்தான். 1984இல் வந்த 'மை டியர் குட்டிச்சாத்தான்' படத்துக்குக் கொட்டகையில் கண்ணாடி கொடுத்ததும் இதற்காகத்தான்.

ஆனால் விளம்பரக்காரனுக்கு இது உதவாது. ரோட்டில் போகிறவனை நிறுத்தி, "கொஞ்சம் இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு என் சோப்பு விளம்பரத்தைப் பாருங்கள்" என்று சொல்ல முடியுமா? கண்ணாடியைப் படத்துக்கே மாட்டிவிட வேண்டும்.

அமெரிக்காவின் பிரெடரிக் ஐவ்ஸ் 1903இல் அதற்கு ஒரு காப்புரிமை வாங்கினார். இடக்கண் படத்தையும் வலக்கண் படத்தையும் மெல்லிய கீற்றுகளாக்கி மாற்றி மாற்றி அடுக்கினார். அதற்குச் சற்று முன்னால் கறுப்புக் கோடு போட்ட கண்ணாடியை நிறுத்தினார். கோடுகளின் சந்து வழியாகப் பார்க்கும்போது ஒவ்வொரு கண்ணுக்கும் அதற்குரிய கீற்றுகள் மட்டும் தெரியும். ஜன்னல் கம்பி வழியாகத் தெருவைப் பார்ப்பது போல. ஆனால் கறுப்புக் கோடுகள் வெளிச்சத்தைத் தின்றுவிடுவதால் படம் மங்கலாகத் தெரியும்.

1908இல் பிரான்சின் கேப்ரியல் லிப்மன் ஈயின் கண் போல நூற்றுக்கணக்கான குட்டி லென்ஸ்களைப் படத்தின் மேல் பரப்பலாம் என்று யோசனை சொன்னார். வண்ணப் புகைப்படத்துக்காக அவர் நோபல் பரிசு வாங்கியதும் அதே வருடம்தான். லென்ஸ் வெளிச்சத்தை மறைக்காது, திசை திருப்பிவிடும். ஆனால் அத்தனை குட்டி உருண்டை லென்ஸ்களை அந்தக் காலத்தில் செய்வது யார்?

அடுத்து வந்தவர் சுவிட்சர்லாந்தின் வால்டர் ஹெஸ். இவர் கண் மருத்துவர். நம் கண்கள் பக்கவாட்டில்தானே அமைந்திருக்கின்றன, பிறகு உருண்டை லென்ஸ் எதற்கு, நீளக் கம்பி போன்ற லென்ஸ் வரிசை போதுமே என்று கண்டுகொண்டார். இதற்கு 1915இல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. பிறகு கண் மருத்துவத்தை விட்டு மூளை ஆராய்ச்சிக்குப் போய், 1949இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். நடைபாதைக் கடை முருகன் படத்துக்குப் பின்னால் இரண்டு நோபல்காரர்கள் இருக்கிறார்கள் என்பதை எத்தனை பேர் நம்புவார்கள்?

பேரனின் நகத்தில் 'கிர்ர்' என்று பட்டது ஹெஸ்ஸின் இந்தக் கம்பி லென்ஸ் வரிசைதான். இதற்கு லென்டிகுலர் அச்சு என்று பெயர். லென்ஸ் என்பது லத்தீனில் நம் மைசூர் பருப்பின் பெயர். இரண்டு பக்கமும் புடைத்த கண்ணாடிச் சில்லு பருப்பு மாதிரி இருந்ததால் அந்தப் பெயர் வந்தது.

இப்போது அந்தப் பையனின் கேள்விக்கு வருகிறேன்.

கோடு மேலிருந்து கீழாக ஓடினால், லென்ஸ் ஒளியை இடதும் வலதுமாகப் பிரிக்கும். நம் கண்களும் இடதும் வலதுமாக இருப்பதால் இரண்டுக்கும் வேறு வேறு படம் போகும். மயில் முன்னால் வந்து நிற்கும். அதனால்தான் சாமி படத்தில் நெட்டுக்கோடு.

கோடு குறுக்கே ஓடினால், லென்ஸ் ஒளியை மேலும் கீழுமாகப் பிரிக்கும். இரண்டு கண்களும் ஒரே உயரத்தில் இருப்பதால் இரண்டுக்கும் ஒரே படம்தான் போகும். ஸ்கேலை முன்னும் பின்னும் சாய்க்கும்போது இரண்டு கண்ணுக்கும் சேர்ந்தே படம் மாறும். சிறகு மேலே, சிறகு கீழே, பறவை பறக்கிறது. நெட்டுக்கோடு போட்டிருந்தால் ஒரு கண்ணுக்கு மேல் சிறகும் மறு கண்ணுக்குக் கீழ் சிறகும் தெரிந்து குழம்பிப் போயிருக்கும்.

அவ்வளவுதான் பதில். கரும்பலகையில் இரண்டு நிமிடத்தில் முடிந்திருக்கும். வீட்டில் 3டி படம் இருந்தால் ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். ஆழம் போய்விடும். கண்ணடிக்கும் படத்தை ஒற்றைக் கண்ணால் பார்த்தாலும் அது கண்ணடித்துக்கொண்டுதான் இருக்கும்.

இனி வியாபாரத்துக்கு வருவோம். 1940களின் கடைசியில் அமெரிக்காவில் விக்டர் ஆண்டர்சன் என்பவரின் நிறுவனம் வேரி-வியூ என்ற பெயரில் இந்தப் படங்களை லட்சக்கணக்கில் அடிக்கத் தொடங்கியது. 1952 தேர்தலில் ஐசனோவருக்காக ஒரு சட்டை பேட்ஜ் வந்தது. சாய்த்தால் முழக்கம், இன்னொரு பக்கம் சாய்த்தால் அவர் முகம். தின்பண்டப் பொட்டலங்களில் இலவசமாகப் போடும் கண்ணடிக்கும் சில்லுகளும் அங்கிருந்துதான் வந்தன. சோப்பு டப்பாவுக்குள் பிளாஸ்டிக் பொம்மை போட்டு நம்மை வாங்க வைத்தார்களே, அதே கணக்கு.

பெரிய பாய்ச்சல் 1964இல். 'லுக்' என்ற அமெரிக்கப் பத்திரிகை தன் பிப்ரவரி 25 இதழில் எடிசன் சிலையின் முப்பரிமாணப் படத்தை உள்ளே வைத்து அனுப்பியது. கறுப்பு வெள்ளை. சுமார் 80 லட்சம் பிரதிகள்! ஏப்ரலில் வண்ணத்திலும் வந்தது, அது ஒரு துணி இழைக்கான விளம்பரம்.

எங்கள் பள்ளி வரலாற்று ஆசிரியர் ஒருவர் தபால்தலை சேகரிப்பார். அவர் ஆல்பத்தில் பூட்டான் நாட்டின் தபால்தலை ஒன்றைப் பார்த்து அசந்துபோயிருக்கிறேன். விண்வெளிக்காரர் ஒருவர் தபால்தலைக்குள் மிதந்துகொண்டிருந்தார். நகத்தால் தொட்டால் அதே கோடு. 1967இல் வெளியான அந்த வரிசைதான் உலகின் முதல் 3டி தபால்தலைகள். யோசனை பர்ட் டாட் என்ற அமெரிக்கருடையது. சாலையும் பணமும் குறைவாக இருந்த ஒரு மலைநாட்டுக்கு அந்நியச் செலாவணி வேண்டியிருந்தது. கடிதத்தில் ஒட்டுவதைவிட ஆல்பத்தில் ஒட்டவே ஜனங்கள் அதை வாங்கினார்கள். தபால்தலையே நாட்டின் விளம்பரம் ஆனது. அதே 1967இல் ரோலிங் ஸ்டோன்ஸ் பாட்டுக் குழு தன் இசைத்தட்டு உறையில் 3டி படம் ஒட்டியது. செலவு கையைக் கடித்ததால் பிந்தைய பதிப்புகளில் சாதாரணப் படமாக்கிவிட்டார்கள்.

செலவு ஏன் கடிக்கிறது என்பது சிவகாசி பக்கம் அச்சு வேலை பார்த்தவர்களுக்குச் சொன்னால் உடனே புரியும். நான்கு வண்ணத்தில் காலண்டர் அடிக்கும்போது ஒரு வண்ணம் இம்மி விலகினாலே சாமிக்கு இரண்டு உதடு வந்துவிடும். இதில் அந்த நான்கோடு லென்ஸ் தகடும் சேர்ந்துகொள்கிறது. ஓர் அங்குலத்துக்கு 75 கோடு என்றால் ஒரு லென்ஸின் அகலம் 0.34 மில்லிமீட்டர். அதற்குள் 12 படங்களின் கீற்றுகளை வைத்தால் ஒவ்வொன்றும் 0.03 மில்லிமீட்டருக்கும் குறைவு, தலைமுடியைவிட மெல்லியது. ஒவ்வொன்றும் தன் லென்ஸுக்குக் கீழே சரியாக உட்கார வேண்டும். கொஞ்சம் விலகினால் ஒரு படத்தின் நிழல் இன்னொன்றில் விழும். மலிவுப் படங்களில் முருகன் கன்னத்தில் பிள்ளையாரின் தும்பிக்கை லேசாகத் தெரியும், பார்த்திருப்பீர்கள். 1990களுக்குப் பிறகு கீற்று வெட்டும் வேலையைக் கம்ப்யூட்டர் எடுத்துக்கொண்டது. தகட்டின் முதுகிலேயே நேரடியாக அச்சடிக்கவும் வழி வந்தது. அதன் பிறகுதான் பஸ் நிறுத்த விளம்பரம் வரை இது பெரிதானது.

மதுரைக்காரர்களுக்கு விளம்பரம் என்றால் உயரம். எத்தனை அடி கட் அவுட் என்றுதான் கேட்போம். லென்டிகுலர் விளம்பரத்துக்கு அந்த உயரம் தேவையில்லை. கரண்டும் வேண்டாம், மோட்டாரும் வேண்டாம். நடந்து போகிறவனின் நடைதான் படத்தை ஓட்டும். ஏதோ அசைகிறதே என்று திரும்பிப் பார்ப்பான், அதற்குள் விளம்பரம் மனதில் ஏறிவிடும்.

இந்தக் கதையில் என்னைத் தூங்கவிடாமல் செய்த விளம்பரம் ஒன்று உண்டு. 2013இல் ஸ்பெயினில் ஆனார் என்ற குழந்தைகள் நல அமைப்பு தெருவில் ஒரு லென்டிகுலர் சுவரொட்டி வைத்தது. பெரியவர்கள் பார்த்தால் ஒரு சிறுவனின் முகமும், குழந்தைகள் படும் கொடுமை பற்றி ஒரு வாசகமும் தெரியும். பத்து வயதுக்குட்பட்ட பிள்ளையின் உயரத்திலிருந்து பார்த்தால் அதே முகத்தில் அடிபட்ட காயம் தெரியும். கூடவே, உன்னை யாராவது துன்புறுத்தினால் கூப்பிடு என்ற செய்தியும் உதவி எண்ணும். துன்புறுத்துகிற பெரியவரே பக்கத்தில் நின்றாலும் அந்த எண் பிள்ளையின் கண்ணுக்கு மட்டும் தெரியும் என்பது யோசனை. இப்படி உலகம் முழுக்கச் செய்தியாகிவிட்டால் ரகசியம் ஏது என்ற கேள்வி எனக்கும் வந்தது. ஆனாலும் விளம்பரக்காரர்களின் தந்திரத்தை ஒரு பிள்ளைக்காகப் பயன்படுத்த யாருக்கோ தோன்றியிருக்கிறதே. நம் நாட்டில் அந்த உதவி எண் 1098. எல்லோரும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சுவரொட்டி எப்படி வேலை செய்கிறது? பார்ப்பவரின் உயரத்தைப் பொறுத்துப் படம் மாற வேண்டும். அப்படியானால் ஒளியை மேலும் கீழுமாகப் பிரிக்க வேண்டும். அதாவது, கோடு குறுக்கே போக வேண்டும்.

இது புரிந்த அன்று ராத்திரி நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் இரண்டு பொருட்களை நகத்தால் சுரண்டியே இந்த வேறுபாட்டைக் கண்டுபிடித்திருந்தான். வாத்தியாராகிய நான் மேலே நின்று பார்த்தேன், எனக்கு ஒரு விளையாட்டுச் சாமான்தான் தெரிந்தது.

முப்பது வருடத்துக்கும் மேல் வகுப்பெடுத்து 2012இல் ஓய்வு பெற்றேன். டிராயரைக் காலி செய்தபோது அந்த ஸ்கேல் கிடைத்தது. சாமி படம் எங்கே போனதென்று தெரியவில்லை. பிளாஸ்டிக் மஞ்சளாகிவிட்டது, ஒரு முனை உடைந்திருக்கிறது. சாய்த்தால் பறவை இன்னும் சிறகடிக்கிறது.

அவன் பெயரை இங்கே எழுதவில்லை. 1987இல் எட்டாம் வகுப்பு, இரண்டாவது பெஞ்ச், ஜன்னல் ஓரம். யாரென்று அவனுக்குத் தெரியும். என் பழைய மாணவர்கள் இந்தப் பக்கத்தில் நிறையப் பேர் இருக்கிறீர்கள். அவன் எங்கே இருக்கிறான் என்று தெரிந்தால் இந்தப் பதிவை அனுப்பி வையுங்கள். தம்பி, நீ கேட்டதற்குப் பதில் மேலே எழுதியிருக்கிறேன். உன் ஸ்கேல் என்னிடம்தான் இருக்கிறது. தல்லாகுளம் பக்கம் வந்தால் வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்.

மற்ற நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். அந்தப் பழைய பட்டை வைத்த மூன்று முகப் படம் யார் வீட்டிலாவது, கடையிலாவது இன்னும் தொங்குகிறதா? இருந்தால் இடப்பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, வலப்பக்கம் ஒன்று என மூன்று போட்டோ எடுத்துப் போடுங்கள். பேரனுக்குக் காட்ட வேண்டும்.